ஓடும்போது சீட், நின்ற பிறகு படுக்கை: பிள்ளைகளோடு கேரவனில் போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான். மதுரை திருநகரில் இருக்கும் தங்கச்சி ஒருவர், கணவர், மாமியார், மூன்று பிள்ளைகளோடு, உள்ளேயே படுக்கை, சமையல் வசதி உள்ள கேரவன் வண்டி ஒன்றை டிரைவரோடு வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுற்றப் போகிறார். முதலில் கொடைக்கானல், அங்கிருந்து இறங்கி குமுளி வழியாக வாகமண், திரும்பி வந்து ராமேஸ்வரம். மூத்தவளுக்கு 9 வயது, நடுவுள்ளவனுக்கு 5, கைக்குழந்தைக்கு 8 மாதம். “பிள்ளைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்து ராத்திரியில் ஓட்டிவிட்டால் அலுப்புத் தெரியாது, விடிந்தால் ஊர் வந்துவிடும். யாரை எந்தப் படுக்கையில் போடலாம்? சின்னவனுக்கு உள்ளேயே தூளி கட்டலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

வேன்களுக்கு சீட், மெத்தை, பலகை என்று உள்வேலை செய்கிறவன் நான். என் பிள்ளைகளும் வண்டிக்குள் படுத்துத் தூங்கி வளர்ந்தவர்கள்தான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி ஓடும்போது பிள்ளைகளை எந்தப் படுக்கையிலும் போடக் கூடாது. கேரவனில் இருக்கிற படுக்கை எல்லாமே நின்ற வண்டிக்கானது. ஓடுகிற நேரத்தில் ஆளுக்கொரு சீட், ஆளுக்கொரு பெல்ட். ஆகவே உங்களுக்கு இரண்டு திட்டம் வேண்டும்: பகலில் யார் எங்கே உட்காருவது, ராத்திரி யார் எங்கே படுப்பது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, டிரைவரை விட்டுவிட்டு எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்பது. ஆறு பேர் படுக்கும் வண்டியில் பெல்ட் உள்ள சீட் நான்குதான் இருக்கும், அது சாதாரணம். நீங்கள் ஆறு பேர், கைக்குழந்தையும் ஒரு ஆள். ஆறு சீட் இல்லாத வண்டி உங்களுக்கு ஆகாது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்தக் கணக்கில் டிரைவரும் சேர்த்தி.

நம் பக்கத்தில் இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்து ராத்திரியில் கிளம்புவதும், நடுவழியில் ஜமக்காளத்தை விரித்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கப் போடுவதும் காலம்காலமாக நடக்கிறது. அப்படி ஒரு வேனில் நானும் போனேன். உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஆட்டு மந்தை குறுக்கே வந்து டிரைவர் பிரேக்கை மிதித்தார். பெரிய வேகம்கூட இல்லை. கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பையன் ஜமக்காளத்தோடு வழுக்கிக்கொண்டு முன்னால் வந்து எஞ்சின் மூடியில் தலையை இடித்துக்கொண்டான். புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. அது வெறும் பிரேக். மோதல் என்றால் கதையே வேறு.

50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்பது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அதாவது மூன்றாவது மாடி. 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர். வண்டி நசுங்கி நிற்கும், படுக்கையில் கிடக்கிற பிள்ளை அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். “நான் மடியில் பிடித்துக்கொள்வேன்” என்று அப்பத்தா சொல்வார். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தை அரை மீட்டருக்குள் நிறுத்தினால் 8 கிலோக் குழந்தை அந்த நேரத்துக்கு 150 கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. சட்டமும் இதைச் சொல்கிறது: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் வந்தால் ஓட்டுகிறவருக்கு 1000 ரூபாய் அபராதம்.

சரி, சீட்டைப் பார்ப்போம். இது என் தொழில், இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கேரவன்களில் பக்கவாட்டில் சோபா மாதிரி நீளமாக ஒரு இருக்கை இருக்கும். ஓடும்போது பிள்ளைகளை அதில் உட்கார வைக்காதீர்கள். பெல்ட் இருந்தாலும் வேண்டாம். முன்னால் மோதும்போது உடம்பு பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு போகும், கழுத்து தாங்காது. குழந்தை இருக்கையையும் பக்கம் பார்த்த சீட்டில் கட்டக் கூடாது. முன்பக்கம் பார்த்த சீட், தோளுக்கும் இடுப்புக்கும் வருகிற மூன்று முனை பெல்ட், இந்த இரண்டும் பிள்ளைகளுக்கு வேண்டும். இடுப்புக்கு மட்டும் வருகிற பெல்ட் பெரியவர்களுக்கே அரைப் பாதுகாப்புதான்.

அடுத்து, பெல்ட் எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். வண்டியை வாடகைக்குப் பேசப் போகும்போது சாப்பாட்டு மேசையை ஒட்டிய சீட்டின் மெத்தையைத் தூக்குங்கள். கீழே பிளைவுட் பெட்டி இருக்கும், பாத்திரமோ தண்ணீர் டேங்கோ உள்ளே இருக்கும். பெல்ட்டின் அடிமுனை அந்தப் பலகையில் மர ஸ்குரூவால் முடுக்கியிருந்தால் அந்தப் பெல்ட் காட்சிக்குத்தான். பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இரும்புச் சட்டம் கண்ணில் பட வேண்டும், அந்தச் சட்டம் வண்டியின் தரையோடு பெரிய போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும், பெல்ட் அந்த இரும்பில் மாட்டியிருக்க வேண்டும். ரெக்சின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டிக்காரர் மெத்தையைத் தூக்க விடவில்லை என்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்.

சின்னவனுக்குப் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை. குழந்தை இருக்கைகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்கிறது. தலை பெரிது, கழுத்து பிஞ்சு, அதனால்தான் அந்த விதி. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது. குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் நேரே மாட்டுகிற ஐசோபிக்ஸ் கொக்கி கேரவனின் பின் சீட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. பெல்ட்டால் கட்டுகிற மாதிரி இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள், வாங்குவதற்கு முன் அதே வண்டியில் வைத்துக் கட்டிப் பாருங்கள். 5 வயதுக்காரனுக்கும் இடுப்பு, தோள் இரண்டையும் தாங்குகிற இருக்கை வேண்டும். மூத்தவள் 135 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் அவளுக்கும் பூஸ்டர், அதாவது உட்காரும் உயரத்தைக் கூட்டுகிற இருக்கை, போடுங்கள். இல்லாவிட்டால் பெல்ட் தோளில் படாமல் கழுத்தில் அறுக்கும். பூஸ்டரில் உட்கார்ந்தால் ஜன்னலும் தெரியும், அவளே விடமாட்டாள்.

பிள்ளைகள் சீட்டிலேயே தூங்கிவிடுவார்கள், அது பரவாயில்லை. தலை சாய்ந்து தொங்காமல் இருக்க இருக்கையின் பக்கவாட்டு மெத்தையே போதும். முதுகுக்குப் பின்னால் தலையணையைத் திணிக்காதீர்கள், பெல்ட் தளர்ந்துவிடும். தடித்த ஸ்வெட்டருக்கு மேல் பெல்ட் போட்டாலும் இதே கதை. பெல்ட்டை இறுக்கிவிட்டு அதற்கு மேல் சால்வையைப் போர்த்துங்கள். கைக்குழந்தையை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த இருக்கையில் வைக்க வேண்டாம். வண்டியை நிறுத்துங்கள், எடுத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள், கை கால் ஆட்டட்டும். இருக்கையில் தூங்கிவிட்டான், எழுப்ப வேண்டாம் என்று நின்ற வண்டியில் அப்படியே விட்டுவிடுவதும் கூடாது. தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சு அடைபடும்.

இனி ராத்திரி ஓட்டுவது பற்றி. வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் பிள்ளைகளைவிட டிரைவர்தான். பகலெல்லாம் வண்டியோடு இருந்தவர் ராத்திரியும் ஓட்டினால் விடியக்காலம் மூன்று, நான்கு மணிக்குக் கண் தானாகச் சொருகும். அதைவிட நல்ல வழி, காலையில் ஐந்து மணிக்குக் கிளம்புவது. ராத்திரி எட்டு மணிக்குப் படுக்கப் போட்ட பிள்ளைகளை அரைத் தூக்கத்தில் தூக்கி சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டால், விட்ட இடத்திலிருந்து தூங்குவார்கள். திருநகரிலிருந்து கிளம்பினால் வத்தலக்குண்டு வருவதற்குள் விடிந்துவிடும். அங்கே டிபன். கொடைக்கானல் மதுரையிலிருந்து 120 கிலோமீட்டர் போலத்தான், ஆனால் மலையடிவாரத்துக் காட்ரோடு என்கிற இடத்துக்கு மேலே ஐம்பது கிலோமீட்டரும் வளைவு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்; இரண்டு இட்லி போதும். மலை ஏறும்போது பெரிய பிள்ளைகள் விழித்து முன்னால் பார்த்துக்கொண்டு வந்தால் வாந்தி குறையும். புத்தகம், செல்போன் வேண்டாம். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டத்துக்கு மேல் வைக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் நிற்கும் இடம் சேர்ந்துவிட்டால் படுக்கை போட, சமைக்க, பிள்ளைகள் ஓடியாட நேரம் இருக்கும். ஓடியாடாத பிள்ளை புது இடத்தில் தூங்காது.

டிரைவர் எங்கே படுப்பார் என்பதை யாருமே யோசிப்பதில்லை. ஆறு பேர் உள்ளே இருக்க, அவர் முன் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு ஒரு வாரம் கிடப்பது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ராத்திரி நிற்கிற இடத்தில் அவருக்கு ஒரு ரூமோ டார்மிட்டரியில் ஒரு கட்டிலோ போட்டுக் கொடுங்கள். வாடகை பேசும்போதே அந்தச் செலவையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மறுநாள் உங்கள் பிள்ளைகள் அவர் கையில்தான் வருகிறார்கள்.

இப்போது படுக்கை. உங்கள் வீட்டு ஆட்களுக்கு நான் இப்படிப் பிரிப்பேன்.

அடுக்குக் கட்டில் இருந்தால் மேலே 9 வயதுக்காரி, கீழே அப்பத்தா. 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மேல்கட்டிலில் போடக் கூடாது என்பது பல நாடுகளில் கட்டில் செய்கிறவர்களே எழுதி ஒட்டுகிற விதி. ஐந்து வயதுப் பையன் அழுவான், அக்காவுக்கு மட்டும் மேலே என்று. பகலில் வண்டி நிற்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்தால், ஏறி விளையாடட்டும். ராத்திரி கீழேதான். டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற படுக்கையும் மேல்கட்டில் கணக்குத்தான்.

மேல்கட்டிலின் தடுப்பை அளந்து பாருங்கள். மெத்தை போட்ட பிறகு அதன் மேல்மட்டத்திலிருந்து தடுப்பு குறைந்தது 5 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். வண்டிக்காரர்கள் வசதிக்காக மெத்தையைத் தடிமனாக மாற்றியிருப்பார்கள், அப்போது தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரி. இன்னொன்று, தடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். உங்கள் கையை முஷ்டியாக மடக்கிக் குறுக்காக நுழைத்துப் பார்த்தாலே அந்தச் சந்து பெரிதா என்று ஓரளவு தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையை இறக்கி, இரண்டு பக்கத்து மெத்தைகளையும் நடுவில் தள்ளிப் படுக்கையாக்குவது இன்னொரு வகை. ஐந்து வயதுக்காரனும் அவன் அப்பாவும் இதில் படுக்கலாம், பையன் சுவர் ஓரம். இந்தப் படுக்கையில் குறை எங்கே இருக்கிறது என்றால், மெத்தைகள் சேருகிற இடத்தில். நான்கைந்து துண்டு ஃபோம், ஒவ்வொன்றும் ரெக்சினில் தைத்தது, அடியில் வழவழப்பான பலகை. பாதி ராத்திரியில் புரண்டு புரண்டு துண்டுகள் விலகிப் பிள்ளையின் கை உள்ளே போய்விடும், இடுப்பு பள்ளத்தில் இறங்கிவிடும். காலையில் “தூக்கமே வரலை” என்பான், ஏன் என்று அவனுக்கும் சொல்லத் தெரியாது. மதுரையில் எந்த மெத்தைக் கடையிலும் ஒன்றரை, இரண்டு அங்குல ஃபோமில் ஒரே துண்டாக ஒரு விரிப்பு தைத்துக் கொடுப்பார்கள். சுருட்டிக் கட்டில் அடியில் வைத்துக்கொள்ளலாம். போடி பக்கத்து இலவம்பஞ்சில் மெல்லிதாக ஒன்று தைத்தால் இன்னும் நல்லது, ரெக்சின் சூடு உடம்பில் ஏறாது. மேசைக் காலின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று நீங்களே ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகு பையனைப் போடுங்கள்.

இதெல்லாம் சிக்கலாகத் தெரிந்தால் நின்ற வண்டியின் தரைதான் இருப்பதிலேயே பாதுகாப்பான இடம், விழ வழியில்லை. நம் பிள்ளைகளுக்குப் பாயில் படுத்துப் பழக்கமும் உண்டு. நடுராத்திரியில் எழுந்து போகிறவர்கள் மிதித்துவிடாமல் இருக்கச் சின்னதாக ஒரு பேட்டரி விளக்கு மட்டும் எரியட்டும்.

கைக்குழந்தைக்கு வருகிறேன். அவனுக்கென்று தனியாக, தட்டையாக, கெட்டியாக ஒரு படுக்கை. மடக்குகிற பயணத் தொட்டில் நடைபாதைத் தரையில் பிடித்தால் அதுவே சிறந்தது. மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, பொம்மை, சுற்றிலும் உருட்டுத் தலையணை எதுவும் வேண்டாம். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் போட்டுக்கொள்வது வீட்டில் பழக்கமாக இருக்கலாம். கேரவன் படுக்கை அகலம் குறைவு, ஃபோம் அமுங்கும், இரண்டு பெரியவர்கள் எடையில் நடுப்பகுதி குழியும். குழந்தை அந்தக் குழிக்குள் உருண்டு முகம் புதையும். குடை மாதிரி விரிகிற கொசுவலை மூன்று மாதக் குழந்தைக்குச் சரி. எட்டு மாதத்தில் இழுத்து மேலே போட்டுக்கொள்வான். அதற்குப் பதிலாக ஜன்னல்களுக்கே நைலான் வலை அடித்துவிடுங்கள்.

தூளி. இதைக் கேட்டதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய சுங்குடிச் சேலையில் தூளி கட்டி வளர்ந்த ஊர் இது, அதில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு வேறு எதுவும் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கேரவனின் கூரை வீட்டு உத்தரம் இல்லை. மேலே தெரிகிற கம்பி பெரும்பாலும் மெல்லிய அலுமினியக் குழாய், திரைச்சீலை மாட்டவோ கைபிடிக்கவோ வைத்தது. அதை இரண்டு சின்ன ஸ்குரூவால் அலங்காரப் பலகையில் முடுக்கியிருப்பார்கள், உள்ளே இரும்பு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பழக்கத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க, ஆட்டத்துக்கு ஆட்டம் ஸ்குரூ தளரும். ஓடும் வண்டியில் தூளி அறவே கூடாது. நின்ற வண்டியிலும் வேண்டாம் என்பதே என் முடிவு. தூளியில்தான் தூங்குவேன் என்று அழுதால், தங்கும் இடத்தில் நல்ல உத்தரமோ மரக்கிளையோ இருந்தால் அங்கே கட்டி, அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டட்டும். கண் அசந்ததும் எடுத்துத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். எட்டு மாதப் பிள்ளை தூளிக்குள் எழுந்து உட்காரவும் பார்ப்பான், ராத்திரி முழுக்க விட்டுவைக்கிற வயது இல்லை. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் மதியத் தூக்கத்தைத் தொட்டிலுக்கு மாற்றிப் பழக்கினால் வண்டியில் போராட்டம் இருக்காது.

இனிச் சொல்லப் போவதை வீட்டில் எல்லோரும் கேட்கட்டும். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியதுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும். ஆகவே ஆள் படுத்திருக்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது, ஏ.சி.க்காக எஞ்சினை ஓட விட்டுத் தூங்கவும் கூடாது. கொடைக்கானல் குளிருக்கு வெளியே மூட்டிய கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். சாம்பல் பூத்த கரியும் அதே வாயுவைத்தான் விடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கை பக்கத்தில் மாட்டுங்கள், பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள். படுப்பதற்கு முன் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுவது மூத்தவளின் வேலை என்று வைத்து, நீங்கள் ஒரு தரம் சரிபாருங்கள்.

அப்படியானால் ஏ.சி.க்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பேட்டரியில் ஓடாது. 150 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றில் மொத்தமே 1.8 யூனிட், அதிலும் பாதிதான் எடுக்கலாம். ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் போலக் குடிக்கும். ஆக ஒரு மணி நேரம்கூட வராது. பெரிய லித்தியம் பேட்டரி வைத்த வண்டி என்றால் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மற்றபடி, தங்குமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு, எர்த் சரியாக இருக்கிற, 2.5 ஸ்கொயர் எம்.எம். கனமுள்ள வயரில் இழுத்துக்கொள்ளலாம். வயர் பிள்ளைகள் ஓடுகிற வழியில் கிடக்கக் கூடாது.

உங்கள் வழியில் கொடைக்கானலிலும் வாகமணிலும் ஏ.சி.யே தேவையில்லை. ராமேஸ்வரத்தில்தான் புழுக்கம். அங்கே 12 வோல்ட் மின்விசிறி இரண்டு போதும், ராத்திரி முழுக்க ஓடினாலும் கால் யூனிட், அரை யூனிட்தான் ஆகும். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்து வலை அடித்திருந்தால் கடல்காற்று வரும். ஏப்ரல், மே மாதம் என்றால் ராமேஸ்வரத்தில் பிள்ளைகளை ரூமில் படுக்க வைத்துவிடுங்கள், கேரவனில்தான் படுக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. நிழலில் நின்றாலும் மூடிய வண்டிக்குள் பகலில் எந்தப் பிள்ளையையும், தூங்குகிறான் என்பதற்காக ஐந்து நிமிஷம்கூட விட்டுப் போகாதீர்கள். பத்தே நிமிஷத்தில் உள்ளே 10 டிகிரி வரை ஏறிவிடும்.

கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரி ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே போகும். குளிர் என்று எல்லா ஜன்னலையும் அடைத்தால் ஐந்தாறு பேர் மூச்சில் கண்ணாடி வியர்த்துக் கொட்டி, விடியும்போது சுவரோரம் படுத்த பிள்ளையின் போர்வை ஈரமாகியிருக்கும். கூரையில் இருக்கிற காற்றுப்போக்கியை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். கைக்குழந்தைக்குப் போர்வை வேண்டாம், இரண்டு மூன்று அடுக்காகச் சட்டை போட்டுக் கால்சட்டை, சாக்ஸ் போதும். தூங்கும்போது குல்லா கழன்று முகத்தில் விழும், அதையும் கழற்றிவிடுங்கள். பெரியவர்களுக்குப் போர்வையே போதும்.

வண்டியை நிறுத்துகிற தரை சமமாக இருக்கிறதா என்பது பலருக்குத் தோன்றவே தோன்றாது. மேசையில் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வையுங்கள், எந்தப் பக்கம் உருளுகிறது என்று பாருங்கள். சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். பக்கவாட்டுச் சரிவு என்றால் பிள்ளை சுவர்ப் பக்கம் சாய்கிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம். தென்னை மரத்தடி வேண்டாம், மட்டையும் காயும் விழும். தேனி, கம்பம், குமுளி பக்கம் காட்டை ஒட்டிய சாலையோரத்தில் ராத்திரி நிற்காதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடம். தங்கும் விடுதியின் மதிலுக்குள் காசு கொடுத்து நிறுத்துங்கள். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்த பிறகு வாகமணில் கேரவன் பூங்காவே வந்தது. அது இப்போது நடக்கிறதா, பிளக், தண்ணீர், கழிவறை எல்லாம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் ஒன்று விரியுங்கள், படுக்கையில் போகாத பிள்ளையும் புது இடத்தில் போய்விடும். உள்ளிருந்து கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை எல்லோருக்கும் தெரிந்த ஒரே கொக்கியில் மாட்டுங்கள். 5 வயதுக்காரன் கதவைத் திறந்து இறங்கிவிடாமல் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வேண்டும். ஆனால் 9 வயதுக்காரிக்கு அது எட்ட வேண்டும், தீ என்றால் அவளே திறந்து வெளியே வர வேண்டும். வீட்டுத் தலையணையும் போர்வையும் கொண்டுபோங்கள், புதிதாக வாங்க வேண்டாம். வீட்டில் படுக்கும் முன் கதை சொல்வீர்களா, பால் கொடுப்பீர்களா, அதே வரிசை வண்டியிலும் இருக்கட்டும்.

வண்டியை ஒரு நாள் முன்னதாக எடுத்து, முதல் ராத்திரி உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படுத்துப் பாருங்கள். எந்தச் சந்தில் கை மாட்டுகிறது, யாருக்குக் கால் நீட்ட இடமில்லை, அப்பத்தாவால் இறங்கிப் பாத்ரூம் போக முடிகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். விடிந்ததும் பைபாஸ் ரோட்டுக் கடைகளிலேயே வலை, தாழ்ப்பாள், ஃபோம் எல்லாம் வாங்கிச் சரிசெய்துகொண்டு கிளம்பலாம். வண்டி பேசி முடித்ததும் நடைபாதைத் தரையின் அகலத்தையும் மேல்கட்டில் தடுப்பின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள், எந்தத் தொட்டில் பொருந்தும், தடுப்பை எப்படி உயர்த்துவது என்று சொல்கிறேன்.